நாலு டயர் கேட்டவர்

செயலாளர் அவர்களே, நீங்கள் பொய் சொன்னீர்கள். தெரியாமல் சொன்ன பொய் இல்லை. தெரிந்தே சொன்னது. வழவழப்பான தாளில், கலரில் அச்சடித்துச் சொன்னது.

'கல்வராயன் மலைப் பகுதிக்கு நோயாளர் வாகனம் வழங்க நம் அறக்கட்டளை முன்வந்தும், அங்குள்ள மகளிர் சங்கத்தின் பொறுப்பாளர் ஏற்க மறுத்துவிட்டார்.' உங்கள் ஆண்டு மலரில் வந்த வரி இது. பக்கத்திலேயே அவர் பெயரையும் போட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரி ஒரு பெண்ணை மலையை விட்டே கீழே இறக்கிவிட்டது.

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. நீங்கள் அச்சடித்த அழகே போதும். மலையில் அவரை ஜீப்பக்கா என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

நான் எழுதிப் பழகியவன் இல்லை. கள்ளக்குறிச்சியில் டயர் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பணத்தை ஊருக்கே செலவு செய்வோம் என்று அரிசி ஆலைக்காரர்களும் டாக்டர்களும் நகைக்கடைக்காரர்களும் வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் இந்த அறக்கட்டளை. சுற்றுவட்டாரத்தில் வேலை செய்கிற சின்னச் சின்ன சங்கங்களைப் பார்த்து நிதி கொடுக்க வேண்டும். அதுதான் அதன் வேலை. நானும் அதில் உறுப்பினன். என் சந்தாவும் அந்தப் பணத்தில் இருக்கிறது. அதனால் கேட்கிறேன்.

ஜீப்பக்கா முதன்முதலில் என் கடைக்கு வந்தது பழைய டயர் வாங்க. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. நல்ல உயரம். பேசினால் எதிர்க் கடைக்காரன் திரும்பிப் பார்ப்பான். திருநாவலூர்ப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பம். மலையில் ஒரு விடுதிக்குச் சமைக்கப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். அங்கிருந்த பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு பழைய ஜீப்.

அன்றைக்கு என்னிடம் ஒரு புது ஹாரன் சும்மா கிடந்தது. ஆள் பார்க்க நல்ல மாதிரி, மலையில் சேவை செய்கிறார் என்கிறார்கள், நாமும் ஏதாவது செய்வோம் என்று எடுத்து நீட்டினேன்.

"ஆரன் ஒண்ணு இருக்குது. சும்மா மாட்டிக்கினு போம்மா."

"வேணாம்ண்ணா."

"காசு கேக்கலியே."

"கேட்டாலும் வேணாம், கேக்காட்டியும் வேணாம். மேல யாருக்கு அடிக்கிறது? மாடு வழி வுட்டா போறோம், வுடலன்னா நிக்கிறோம்."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஒருவருக்கு ஒன்று கொடுக்க வந்து அதை வேண்டாம் என்று சொல்லக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொடுக்கிறவனுக்கு அது பிடிக்காது. செயலாளர் அவர்களே, உங்களுக்கும் பிடிக்கவில்லை. விஷயமே அவ்வளவுதான்.

வேண்டாததை வேண்டாம் என்று சொல்வார். வேண்டியதை வாய்விட்டுக் கேட்பார். இரண்டுக்கும் ஒரே குரல்தான். சென்னையிலிருந்து யாரோ ஒரு லோடு பள்ளிக்கூடப் பை அனுப்பியபோது அவிழ்க்காமலே திருப்பி அனுப்பினார். "பை கவருமெண்டே குடுக்குது. ஒரு புள்ள எத்தினி முதுவ வச்சிக்கினு இருக்குது? செருப்பு இருந்தா அனுப்பச் சொல்லு, வாங்கிக்கிறேன்" என்றார். செருப்பு வரவில்லை. திமிர் பிடித்தவர் என்ற பேர்தான் வந்தது.

திமிர் இல்லை. மலையில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். ஒரு பிடி தினை மாவு கொடுத்தால் அங்கேயே நின்று தின்பார். பலாப்பழக் காலத்தில் மலையிலிருந்து இறங்கும்போது எனக்கு ஒரு பழம் வரும். கடை வாசலில் பொத்தென்று வைப்பார்.

"இது இன்னாத்துக்கும்மா?"

"துன்றதுக்குத்தான். பின்ன, டயருக்குப் பதிலா மாட்டி ஓட்டுவியா?"

அந்த ஜீப் என்ன செய்தது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளிமலை வரை பஸ் போகிறது. நூற்றியெட்டு ஆம்புலன்சும் வரும். ஆனால் தார் ரோடு முடிந்த பிறகும் ஊர்கள் இருக்கின்றன. கல்லும் ஓடையுமான வழி. பல இடங்களில் போனில் சிக்னல் கிடையாது. காலையில் ஜீப் உள்ளே போகும், மதியம் தார் ரோட்டுக்குத் திரும்பும். ஒற்றையடிப் பாதைகள் வந்து சேருகிற ஒரு வளைவில் கடுக்காய் மரம் ஒன்று நிற்கிறது. யாருக்காவது உடம்பு முடியவில்லை, தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்றால், ஓடக்கூடிய ஒருவன் முன்னால் வந்து அந்த மரத்தில் ஒரு துணியைக் கட்டிவிட வேண்டும். துணியைப் பார்த்தால் ஜீப் நிற்கும். எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கும். உள்ளே மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு சந்தைக்குப் போகிறவர்கள் இருந்தாலும் சரி, மறுபேச்சில்லாமல் இறங்கி இடம் கொடுப்பார்கள். இது யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. அக்கா சொன்னது, மலை கேட்டது.

ஆள் வந்து ஏறியதும் அக்கா முதலில் செய்கிற வேலை அந்தத் துணியை அவிழ்ப்பது. நானே ஒருமுறை கூடப் போனபோது பார்த்தேன். உள்ளே ஒரு கிழவர் வலியில் முனகிக்கொண்டிருக்கிறார், இவர் நின்று நிதானமாக முடிச்சை அவிழ்க்கிறார்.

"அப்புறம் அவுத்துக்கலாமே, ஏறும்மா" என்றேன்.

"வேணாம்ண்ணா. ஆள் ஏத்துன பின்னாலயும் துணி தொங்கினு இருந்தா அது பொய்யி. நாளைக்கி நெசமா கட்டுனா எவன் நம்புவான்?"

அந்தத் துணியைத் துவைத்து அடுத்த நடையில் அந்த வீட்டிலேயே கொடுத்துவிடுவார்.

அறக்கட்டளை ஆரம்பித்த வருடம் ஜீப்புக்குப் புது மேல்கூரைக்கும் பேட்டரிக்கும் நிதி கொடுத்தார்கள். அதை மறைக்க மாட்டேன். நல்ல காரியம். கல்யாண மண்டபத்தில் விழா. ஆள் உயரத்துக்கு அட்டையில் ஒரு காசோலை. அதே சட்டையோடு அக்கா மேடை ஏறினார். நீங்கள் பொன்னாடை போர்த்தினீர்கள். அவர் அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். மைக் பக்கத்திலேயே இருந்தது.

"இதுக்குப் பதிலு ஒரு துண்டு குடுத்தா, புள்ள பொறந்தா சுத்தறதுக்கு ஆவும்ங்க. இது வழுக்குது."

மண்டபமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் மறக்கவில்லை.

அடுத்த வருடம் அவர் கேட்டது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். டயருக்கு விலைப்புள்ளி எழுதிக் கொடுத்தவன் நான். அன்றைக்கு உங்கள் அறையில் அவரோடு உட்கார்ந்திருந்தவனும் நான். நாலு டயர். கிளட்ச் மாற்ற வேண்டும். டிரைவருக்குச் சம்பளம். வேறு ஒன்றும் இல்லை.

நீங்கள் படித்துவிட்டுச் சொன்னீர்கள்: "அம்மா, இதெல்லாம் நடைமுறைச் செலவு. இதுக்கு நாங்க தர்றதில்ல. புதுசா எதாவது சொல்லுங்க."

"நோவு பழசுதானுங்களே. புதுசா இன்னா சொல்றது?"

"அப்படி இல்லம்மா. நிதி குடுக்கிறவங்களுக்குக் கண்ணால பாக்குற மாதிரி ஒண்ணு இருக்கணும்."

"டயரு கண்ணுக்குத் தெரியுமேங்க. வட்டமா இருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தை ஓரமாக வைத்தீர்கள்.

கொஞ்ச நாளில் வண்டி வந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தன் அப்பா நினைவாகக் கொடுத்தது. நீளமான வேன். ஏசி. இரண்டு பக்கமும் அப்பாவின் படம், பெரிதாக. அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு சாண்கூட உயரம் இருக்காது போல எனக்குத் தோன்றியது. டயர்க்காரன் கண்ணுக்கு முதலில் அதுதான் தெரியும். மலைக்கு எந்த வண்டி ஏறும் என்று யாரும் அக்காவைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டிருக்கலாம். ஒரு பஸ் கண்டக்டரைக்கூடக் கேட்டிருக்கலாம். பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கொடியசைத்து அனுப்பினீர்கள். நீங்களும் ஏறிக்கொண்டீர்கள்.

வெள்ளிமலை வரை ஜோராகத்தான் போனது. தார் முடிந்து முதல் ஓடையிலேயே வண்டியின் வயிறு கல்லின் மேல் உட்கார்ந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நீங்கள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றீர்கள். நான் பின்னால் பைக்கில் வந்து கரையில் நின்று பார்த்தேன்.

உள்ளேயிருந்து ஜீப் வந்தது. அக்கா இறங்கி வேனைச் சுற்றிப் பார்த்தார். படத்திலிருந்த பெரியவரையும் பார்த்தார்.

"பாவம், இந்தப் பெரியவர ஏன்யா கொண்டாந்து தண்ணில நிறுத்தினீங்க?"

ஜீப்பில் கயிறு கட்டி வேனை இழுத்தார்கள். ஜீப்பின் டிரைவர் மலைக்காரர், அந்த வழியின் ஒவ்வொரு கல்லும் அவருக்குத் தெரியும். "கிளட்ச் தாங்காதுக்கா" என்றார். "இழு. ஆத்துல ராத்திரி நிறுத்தி வச்சா தண்ணி வந்தா அடிச்சிக்கினு பூடும்" என்றார் அக்கா. வேன் வெளியே வந்தது. ஜீப்பிலிருந்து புகை வந்தது. கிளட்ச் தீய்ந்த நாற்றம் கரை வரைக்கும் அடித்தது.

அந்த வேனை மீட்டதில்தான் மலையின் ஜீப் படுத்தது. இதை மலரில் நீங்கள் எழுதவில்லை. அன்றைக்கு எடுத்த படத்தைப் போட்டிருந்தீர்கள், 'மலையில் நம் வாகனம்' என்று. கயிறும் ஜீப்பும் தெரியாத மாதிரி வெட்டிப் போட்டிருந்தீர்கள்.

அன்றைக்கு ஈரக் காலோடு நின்றுகொண்டே அக்கா உங்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "இது இந்த ஓடைய தாண்டாதுங்க. எடுத்துக்கினு பூடுங்க. ஊர்ல யாருக்குனா ஆவும். எனுக்குக் கிளட்ச் மட்டும் போட்டுக் குடுங்க, டிரைவருக்குச் சம்பளம் குடுங்க. போதும்."

நீங்கள் சொன்னது: "குடுத்தா இந்த வண்டி. இல்லன்னா எதுவும் இல்லம்மா."

"அப்ப வேணாம்ங்க."

இதைத்தான் மறுத்துவிட்டார் என்று எழுதினீர்கள்.

அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இன்றைக்கும் உண்டு. அடுத்த நாளே சொன்னேன்: "வாங்கி ஓரமா நிறுத்திடேம்மா. கையெழுத்து போட்டுட்டு, அந்த வண்டிக்கு டீசல் காசுன்னு குடுக்கறத வாங்கி ஜீப்புக்கு ஊத்து. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." உண்மையில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு சங்கத்தில் நீங்கள் கொடுத்த தையல் மிஷின்கள் சாக்கு மூடிக் கிடக்கின்றன. நீங்கள் பார்க்க வருகிற அன்றைக்குச் சாக்கை எடுத்துவிட்டு நாலு பெண்களை உட்கார வைப்பார்கள். உங்களுக்கும் அது தெரியும்.

அக்கா கேட்கவில்லை. "நிறுத்தறதுக்கு ஒரு வண்டியா? வேற யாருக்கோ போவ வேண்டியத நான் வாங்கி வெயில்ல காயப் போடறதா? வேணாம்ண்ணா."

"நீ இப்படியே வேணாம் வேணாம்னு சொல்லிக்கினே இரு. ஒரு நாளு உன்னையே வேணாம்னுடுவாங்க."

"சொல்லட்டும்" என்றார்.

'நீ டயர்க் கடைக்காரன்தானே, நீ ஏன் செய்யவில்லை' என்று கேட்பீர்கள். பழைய டயர் நாலு நான் மாட்டிவிட்டேன். கிளட்சை நானும் கச்சிராயபாளையத்து மெக்கானிக் ஒருவரும் சேர்ந்து போட்டுக் கொடுத்தோம். பழைய வண்டி, சாமான் கிடைக்க நாளானது. அதற்குள் மலர் அச்சாகி ஊரெல்லாம் போனது. மறுக்கிறவர் என்று பேர் வந்தபின் வேறு யாரும் நிதி கொடுக்க முன்வரவில்லை. சம்பளம் இல்லாமல் எவ்வளவு நாள்தான் ஒருவர் நிற்பார்? டிரைவர் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போய்விட்டார். அந்த வழியில் ஓட்ட வேறு ஆள் இல்லை. அக்காவே ஓட்டிப் பழகினார். தார் ரோட்டில் ஓட்ட வந்தது, கல்லில் வரவில்லை. ஜீப் தயாராக நின்றது. ஓட்ட ஆள் இல்லாமல் நின்றது. நீங்கள் நடைமுறைச் செலவு என்று ஓரமாக வைத்தது அந்த ஆளைத்தான்.

மழை பிடித்த சமயம். உள்ளே கடைசியில் இருக்கிற ஊரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. ஜீப் நின்றுபோன சேதி அந்த ஊருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அவள் புருஷன் முன்னால் ஓடிவந்து கடுக்காய் மரத்தில் தன் துண்டைக் கட்டினான். பின்னால் அவளைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். மரத்தடியில் இறக்கி வைத்துக் காத்திருந்தார்கள். துணி கட்டினால் ஜீப் நிற்கும். அவர்களுக்குத் தெரிந்தது அதுதான். மதியம் ஆனது. ஜீப் வரவில்லை. மறுபடியும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தார் ரோடு வருவதற்குள் தாயும் போய்விட்டாள், வயிற்றில் இருந்ததும் போய்விட்டது.

அக்கா சாவுக்குப் போனார். அங்கே நடந்ததை என் கடைக்கு வந்து, ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து சொன்னார். அவ்வளவு சன்னமான குரலில் அவர் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

உங்கள் மலர் மலைக்கும் போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் புருஷன் நிமிர்ந்து பார்த்துக் கேட்டானாம்: "வண்டி குடுத்தாங்களாமேக்கா. நீ ஏன்கா வேணான்ன?"

"நீ இன்னாம்மா சொன்ன?"

"இன்னாண்ணா சொல்றது? பொண்டாட்டிய போட்டு வச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்கறவங்கிட்ட, அந்த வண்டி வயிறு தட்டும், ஓடைய தாண்டாதுன்னு வண்டிக் கத சொல்றதா?"

"நீ சொல்லியிருக்கணும்மா."

"அவன் துண்டு இன்னும் மரத்துலதான் இருக்குது. அவுக்கலாம்னு போனேன். கை போவலண்ணா."

டீ வாங்கி வரச் சொன்னேன். வேணாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. வாங்கிக் குடித்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு மலையில் யாரும் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். சங்கத்துக் கூட்டத்துக்குப் பெண்கள் வரவில்லை. தினை மாவு கொடுத்த வீடுகளில் கதவு சாத்தியிருந்தது. அவர் ஜீப் சாவியை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். திருப்பூரில் ஒரு மில் கேண்டீனில் சமைக்கிறார் என்று ஒருவர் சொல்கிறார். சொந்த ஊரிலேயே களை எடுக்கப் போகிறார் என்று இன்னொருவர் சொல்கிறார். எனக்குப் போன் வரவில்லை. இந்த வருடம் பலாப்பழமும் வரவில்லை.

நான் உங்களை வந்து பார்த்தேன். அந்த வரியைத் திருத்துங்கள் என்றேன். "பாக்கலாங்க, அடுத்த மலர்ல பாக்கலாம்" என்றீர்கள். அடுத்த மலரும் வந்தது. அதில் உங்கள் படம் பெரிதாக இருந்தது. திருத்தம் இல்லை.

அந்த வேன் இப்போது சின்னசேலம் ரயிலடிக்குப் போய் உங்கள் விருந்தாளிகளைக் கூட்டி வருகிறது. போன மாதம் என் கடைக்கே அதை அனுப்பினீர்கள். என்னத்துக்கு? நாலு டயர் மாற்ற. செலவு அறக்கட்டளைக் கணக்கில் என்றான் டிரைவர். நடைமுறைச் செலவுக்குத் தருவதில்லை என்ற சட்டம் எங்கே போனது? நான் போட மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். வேறு கடையில் போட்டுக்கொண்டீர்கள். அந்தப் புது டயர்களை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பார்த்தேன். நல்ல டயர்.

வரப்போகும் பொதுக்குழுவில் நானும் இருப்பேன். மைக் உங்கள் கையில் இருக்கும். அந்தப் பெண் கேட்டது என்ன, நீங்கள் கொடுத்தது என்ன, யாருடைய வண்டியை இழுத்து ஜீப் கெட்டது, மூன்றையும் அந்த மைக்கில் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். தனியாகக் கூப்பிட்டு என் தோளில் கை போட வேண்டாம்.

சொல்லிவிட்டு மலைக்கு வாருங்கள். அந்த வேனிலேயே வாருங்கள். அது எதுவரை வருகிறதோ அதுவரை வந்து, மீதியை நடங்கள். கடுக்காய் மரத்தடியில் அந்தப் புருஷன் இருப்பான், நான் கூட்டி வருகிறேன். ஊரும் இருக்கும். ஏன் வேண்டாம் என்றாய் என்று அவன் கேட்டது ஆள் மாற்றிக் கேட்ட கேள்வி. அதற்கு அத்தனை பேர் முன்னாலும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்லி முடித்துவிட்டு, அந்த மரத்தில் இன்னும் தொங்கும் துண்டை நீங்களே அவிழ்த்து அவன் கையில் கொடுங்கள்.